போபால் நச்சுக் கழிவை எரித்தால் நஞ்சு காற்றில் கலந்துவிடாதா?

போபால் யூனியன் கார்பைடு ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை 2025 ஜனவரியில் அதே மத்தியப் பிரதேசத்தின் தொழில் நகரமான பீதம்பூருக்குக் கொண்டுசென்று பின்னர் எரித்தபோது, நஞ்சு புகையாகிப் பரவாதா என்று பலரும் கேட்டார்கள். அந்த அச்சம் நியாயமானது.

குப்பையைத் திறந்தவெளியில் கொளுத்துவதும் இதுவும் ஒன்றல்ல. மெதுவாகச் சுழலும் உலையில் கழிவு முதலில் எரிந்து வாயுவாகிறது. அந்த வாயு இரண்டாம் அறையில் ஏறத்தாழ 1,100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், போதிய ஆக்சிஜனுடன், குறைந்தது 2 விநாடிகள் தங்கும்போதுதான் பூச்சிக்கொல்லி போன்ற கரிம மூலக்கூறுகள் ஏறக்குறைய முழுவதுமாக உடைந்து, கார்பன் டை ஆக்சைடு, நீராவி, ஹைட்ரஜன் குளோரைடு முதலியவையாக மாறுகின்றன.

என் பார்வையில் மிகுந்த கவனம் தேவைப்படும் கட்டம் அதற்குப் பின்புதான் வருகிறது. வாயு ஏறத்தாழ 450 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு மெல்லக் குளிர்ந்தால் டையாக்சின் என்ற கடும் நச்சுப்பொருள் மீண்டும் உருவாகும்; ஆகவே நீரைத் தெளித்து நொடிப்பொழுதில் குளிர்விக்கிறார்கள். பிறகு சுண்ணாம்பு, ஹைட்ரஜன் குளோரைடு போன்ற அமில வாயுவைச் சமன்செய்கிறது, செயலூட்டிய கரித்தூள் டையாக்சினையும் பாதரசத்தையும் ஈர்த்துக்கொள்கிறது, பை வடிகட்டி தூசியைப் பிடிக்கிறது.

ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களை எந்த வெப்பமும் அழிக்காது. அவை சாம்பலிலும் வடிகட்டித் தூசியிலும் தங்குவதால், அவற்றைக் கெட்டிப்படுத்தி, நீர் கசியாத குழியில் புதைத்து, அப்பகுதி நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் கண்காணிக்க வேண்டும்.