கிளவுட் சந்தாவை நிறுத்தினால் சென்சர்கள் வீணாகுமா?

கேள்வி: நானுஓயாப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். கொழுந்து வாட்டும் தொட்டிகளிலும் டிரையரிலுமாக 14 சென்சர்கள் இருக்கின்றன. வெப்பநிலை, ஈரப்பதன் அளவுகளை போனில் பார்க்கிறோம். பொருத்தித் தந்த கொம்பனி அளவுகளை இணையத்தில் சேமித்துக் காட்டும் கிளவுட் சேவையின் கட்டணத்தை இந்த வருடம் இரட்டிப்பாக்கிவிட்டது. கட்டாவிட்டால் எல்லாம் நின்றுவிடுமாம். மழை நாட்களில் பதிவில் இடைவெளியும் விழுகிறது. சென்சர்களை வைத்துக்கொண்டு வேறு கிளவுட்டுக்கு மாறலாமா?

பதில்: பெரும்பாலும் மாறலாம். ஆனால் கட்டணத்தைப் பற்றி அவர்களோடு வாய் திறப்பதற்கு முன்னரே பழைய பதிவுகள் முழுவதையும் இறக்கி எடுத்துவிடுங்கள். எக்செலில் திறக்கக்கூடிய சி.எஸ்.வி. கோப்பாக, மாதம் மாதமாக எடுக்க வேண்டும். வரைபடத்தை பி.டி.எஃப். ஆகத் தந்தால் ஏற்க வேண்டாம், அது வெறும் படம். தகராறு தொடங்கிய மறுநாளே பாஸ்வேர்ட் வேலை செய்யாமல் போவது இந்தத் தொழிலில் வழமை.

அடுத்தது, தரவை அனுப்பக் கருவியில் போட்டிருக்கும் சிம். அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். கொம்பனியின் பெயரில் இருந்தால் கிளவுட்டை மாற்றினாலும் இணைப்பு அவர்கள் கையில்தான். தொழிற்சாலையின் பெயரில் புதிய சிம் எடுத்துப் போடுங்கள்.

பிறகு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: "கருவி தரவை அனுப்பும் சேர்வர் முகவரி, போர்ட், பயனர் பெயர், பாஸ்வேர்ட் ஆகியவற்றை நாங்களே மாற்ற முடியுமா?" முடியும் என்றால் வேலை சுலபம். இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலானவை எம்.க்யூ.டி.டி. என்ற பொது முறையில்தான் அனுப்புகின்றன, அதைப் பெரும்பாலான கிளவுட்கள் ஏற்கும். முடியாது என்றால் முகவரியைக் கருவிக்குள்ளேயே பூட்டிவிட்டார்கள். அந்தக் கருவி உங்களுக்கு இனி உதவாது.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. ஒவ்வொரு சென்சரும் தனித்தனியாக இணையத்துக்குப் போகிறதா, அல்லது எல்லாவற்றிலிருந்தும் கம்பி வந்து ஒரு பெட்டியில் சேர்கிறதா என்று போய்ப் பாருங்கள். முறுக்கிய இரண்டு கம்பிகள், முனையில் ஏ, பி என்ற அடையாளம் இருந்தால் அது ஆர்.எஸ். 485 என்ற கம்பி இணைப்பு முறை, அதில் சென்சர்கள் பேசும் மொழி அநேகமாக மொட்பஸ். அப்படியானால் பூட்டு விழுந்திருப்பது பெட்டிக்குத்தான், சென்சர்கள் பூட்டப்படவில்லை. அதற்குப் பதிலாக வேறு கேட்வே பெட்டி (சென்சர் அளவுகளைத் திரட்டி இணையத்துக்கு அனுப்புவது) ஒன்றை வாங்கி அதே கம்பியில் இணைத்தால் 14 சென்சர்களும் பேசும். அதற்கு ஒவ்வொரு சென்சரின் இலக்கம், வேகம் (பெரும்பாலும் 9600), எந்த ரெஜிஸ்டரில் (சென்சருக்குள் அளவு வைக்கப்படும் இடம்) எந்த அளவு என்ற அட்டவணை ஆகியவை தேவை. அட்டவணை சென்சர் செய்த கொம்பனியின் கையேட்டில் இருக்கும். மாதிரி இலக்கம் சென்சரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். சில விற்பனையாளர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அப்படியிருந்தால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையைப் பாருங்கள், அங்கும் பெயர் இருக்கக்கூடும். ஏ, பி கம்பிகள் இடம் மாறினால் ஒன்றும் எரியாது, பதில் வராது, அவ்வளவுதான். மாற்றி இணையுங்கள்.

இடைத்தரகர்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "எங்கள் சொந்த பிளட்ஃபோர்ம்" என்று விற்கப்படுவதில் கணிசமானது, திங்ஸ்போர்ட் போன்ற திறந்த மூல மென்பொருளுக்கு லோகோ மாற்றி ஒட்டியது. அதன் சமூகப் பதிப்பை எவரும் இலவசமாக நிறுவலாம். சேர்வர் வாடகைக்கும் பராமரிப்புக்கும் காசு கேட்பது நியாயம். உங்கள் தரவைப் பணயம் வைத்துக் கேட்பது அநியாயம். கூகுள், இத்தகைய கருவிகளுக்கான தன் ஐ.ஓ.டி. கோர் கிளவுட் சேவையை 2023 ஓகஸ்ட் 16 அன்று மூடியபோதுகூட ஏறத்தாழ ஒரு வருடம் முன்பே அறிவித்தது. உங்கள் ஒப்பந்தத்தில் மூன்று மாத அறிவித்தலாவது இருக்கிறதா? கொழும்புத் தலைமை அலுவலகங்கள் மூன்று விலைமனு எடுத்து ஆகக் குறைந்ததற்குக் கையெழுத்துப் போடுகின்றன. தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் டீ மேக்கரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இந்த முறை மாறாதவரை இதே சிக்கல்தான் வரும்.

கட்டணத்தைக் கணக்குப் பார்க்கலாம். பல கிளவுட்களில் அது செய்திகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஐந்து விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் 14 சென்சர்களும் நாளுக்கு 2,41,920 செய்திகள். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கும் மேல் நடக்கும் வாட்டலுக்கு இது தேவையே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போதும்: 14க்கும் அப்படி வைத்தால் 4,032 செய்திகள். டிரையருக்கு மட்டும் அரை நிமிடத்துக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எண்ணிக்கை இதைவிடக் கூடும். மைக்ரோசொஃப்டின் அசூர் கிளவுட்டில் ஐ.ஓ.டி. ஹப் சேவையின் இலவச அடுக்கு நாளுக்கு 8,000 செய்திகள் தருகிறது. ஆனால் அதைப் பின்னர் கட்டண அடுக்காக உயர்த்த முடியாது, புதிதாகத் தொடங்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாள் இடைவெளிக்குக் கிளவுட் காரணமல்ல. சிக்னல் போகும்போது கருவி அளவைச் சேமித்து வைப்பதில்லை. புதிய கேட்வேயில் குறைந்தது மூன்று நாள் தரவைத் தாங்கும் நினைவகம் இருக்க வேண்டும். அளந்த நேரத்தையும் கருவியே பதிய வேண்டும். இல்லாவிட்டால் இரவு முழுவதும் தேங்கிய அளவுகள் காலை 6.10க்கு ஒன்றாக வந்திறங்கி, எல்லாமே 6.10க்கு அளந்தவை போலப் பதிவாகும். பணம் கொடுக்கும் முன் சோதியுங்கள்: அன்டெனாவைக் கழற்றி இரண்டு மணித்தியாலம் விட்டு மீண்டும் பொருத்துங்கள். அந்த நேரத்தில் ஒருமுறை மின்சாரத்தையும் நிறுத்திப் போடுங்கள். இரண்டு மணித்தியாலப் பதிவும் சரியான நேரத்தோடு திரையில் வந்தால் மட்டும் காசோலை எழுதுங்கள்.