'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு இருந்தால் பொறுப்பு தீர்ந்ததா?

கேள்வி: சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். போன வாரம் டியூஷன் முடிந்து படியேறி வந்த என் 9 வயது மகனை, சங்கிலி இல்லாமல் ஓடிவந்த எதிர்வீட்டு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. முன்பு பால்காரரையும் கடிக்கப் பாய்ந்த நாய்தான். நாய்க்காரரோ, "வாசலில் போர்டு இருக்கிறது, நாய்க்குத் தடுப்பூசியும் போட்டாச்சு, ஊசிச் செலவைத் தருகிறேன், விட்டுவிடுங்கள்" என்கிறார். நாயையே வெளியேற்றத் தீர்மானம் போடலாம் என்கிறது அசோசியேஷன். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: முதலில் பையன். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறது என்பதற்காக அவனுக்கான ஊசிகளை நிறுத்திவிடாதீர்கள். காயம் ஆறியதும் கடைசி ஊசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே போடுகிறார்கள். அங்கேயே காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) நகலும் கேட்டு வாங்குங்கள். வழக்குக்கு அதுதான் அஸ்திவாரம்.

இனி அந்தப் போர்டு. அது அவர் வீட்டு வாசலுக்குள் நுழைபவருக்கான எச்சரிக்கை. பொதுப் படிக்கட்டில் உங்கள் மகனுக்கு உள்ள உரிமையை அது எப்படிப் பறிக்கும்? நான் உங்கள் வக்கீலாக இருந்தால் அந்தப் போர்டைப் போட்டோ எடுத்து நானே கோர்ட்டில் தாக்கல் செய்வேன். நாய் வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கமாகச் சொல்வது, "சாதுவான நாய் சார், இப்படிச் செய்யும் என்று யாருக்குத் தெரியும்?" என்பதுதான். ஜாக்கிரதை என்று எழுதி மாட்டியவர் அப்படிச் சொல்வது கடினம். கூடவே பால்காரர் சாட்சி சொன்னால், அல்லது அசோசியேஷன் வாட்ஸ்ஆப் குழுவில் அன்றைக்கு யாராவது புலம்பியிருந்தால், நாயின் குணம் நாய்க்காரருக்கு முன்பே தெரியும் என்பது உறுதியாகிவிடும். அந்தப் பதிவுகளையும் சிசிடிவி காட்சியையும் உடனே எடுத்து வையுங்கள். சிசிடிவி பதிவுகள் சில நாளில் தானாக அழிந்துவிடும்.

போலீஸில் புகார் கொடுக்கலாம். வளர்ப்பு விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாதது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 291-ஆவது பிரிவில் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அலட்சியத்தால் பிறர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிப்பது பற்றிய 125-ஆவது பிரிவும் பொருந்தலாம். காயத்தால் பையன் 15 நாள் கடும் வலியில் இருந்தாலோ, வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம் ஆகிவிடும். தண்டனை 3 ஆண்டு வரை போகும். ஆகவே பள்ளிக்குக் கொடுத்த லீவு லெட்டரின் நகலைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்பதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பினால், துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட்டை அணுகலாம். மாநகராட்சி உரிமம் இல்லாமல் வளர்க்கிறார் என்றால் அங்கேயும் ஒரு புகார் கொடுங்கள்.

நஷ்டஈடு தனி விஷயம், அதற்கு சிவில் வழக்குப் போட வேண்டும். ஆனால் வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்; பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரும். வழக்குக்கு முன்பே அங்கே மனு கொடுத்து அவரைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்கலாம். இத்தனை சிறிய தகராறுக்கு என் ஓட்டு அதற்குத்தான்.

அசோசியேஷன் தீர்மானம் நிற்காது. நாய் வளர்ப்பதையோ லிஃப்டில் கூட்டிப் போவதையோ தடை செய்ய அவர்களுக்கு அதிகாரமில்லை என்று விலங்குகள் நல வாரியம் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. பொது இடத்தில் சங்கிலியோடு வரச் சொல்லலாம். அதைத் தீர்மானமாகப் போடட்டும். கோபத்தில் யாராவது விஷம் வைத்தால், அதே நியாய சன்ஹிதாவின் 325-ஆவது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. அப்புறம் குற்றம் உங்கள் பக்கம் ஆகிவிடும்.

சமாதானமாகப் போக விரும்பினால், ஊசிக் காசை வாங்கிக்கொண்டு 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வைத்தியச் செலவு முழுவதும், உரிமத்தின் நகல், சங்கிலி இல்லாமல் நாயை வெளியே விடமாட்டேன் என்ற உறுதிமொழி, இந்த மூன்றையும் அவர் எழுதிக் கொடுத்த பிறகு பேசலாம்.