பெரிய கோயில் 5 ரூபாய் நாணயத்தில் கோபுரம் சாய்ந்து நின்றால் அது அச்சுப் பிழையா?

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு நிறைவுக்காக 2010இல் வெளிவந்த 5 ரூபாய் நாணயம் ஒன்று தங்கள் கடைக் கல்லாவில் கிடைத்ததாகவும், அதைத் திருப்பிப் பார்த்தால் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பதாகவும், இது நாணயம் அடிக்கும் அக்கசாலையிலேயே நேர்ந்த பிழைதானா என்று எப்படி அறிவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சாய்ந்திருப்பது வாயிலின் மேல் எழும் கோபுரமன்று, கருவறையின் மேல் எழும் விமானம். தஞ்சாவூர்க்காரனாகிய நான் இதைச் சொல்லாமல் கடக்க இயலாது. மற்றபடி, தாங்கள் கவனித்தது நல்ல கண்.

பிழை நாணயத்தைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்தக் குறையை அக்கசாலையின் இயந்திரம் செய்திருக்க முடியுமா? உலோகத் தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டி, அவற்றின் விளிம்பை நெருக்கி உயர்த்தி, பின்பு ஒரு வளையத்துக்குள் வைத்து மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஒரே அடியாக அழுத்துகிறார்கள். உண்மையான பிழை இந்தப் படிகளில் ஏதோ ஒன்றில் பிறந்திருக்கும். எந்தப் படியிலும் பிறந்திருக்க முடியாத குறை, நாணயம் வெளியே வந்தபின் யாரோ செய்தது அல்லது தானாகத் தேய்ந்தது.

தங்கள் நாணயத்துக்கு வருவோம். இந்திய நாணயங்களில் இரண்டு பக்கங்களும் ஒரே திசையில் நிமிர்ந்திருக்கும். சிங்கத் தலைகள் நேராக நிற்கும்படி, மேல் விளிம்பில் ஒரு விரலும் கீழ் விளிம்பில் ஒரு விரலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். மறுபுறம் விமானம் நேராக நின்றால் நாணயம் சரியானது. சாய்ந்திருந்தால், அச்சுகளில் ஒன்று தன் பிடியில் தளர்ந்து திரும்பியிருக்கிறது என்று பொருள்; சேகரிப்பாளர்கள் இதை டை ரொட்டேஷன் என்பார்கள். சாய்வை அளக்கக் கடிகார முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்: ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையே 30 பாகை. கலசம் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பன்னிரண்டரையைக் காட்டினால் அதை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மூன்றையோ ஆறையோ காட்டினால் அது பத்திரப்படுத்த வேண்டிய நாணயம். பலர் நாணயத்தை மேலிருந்து கீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தலைகீழாக இருக்கிறது என்று துள்ளுகிறார்கள். அப்படிக் கவிழ்த்தால் நல்ல நாணயமும் தலைகீழாகத்தான் தெரியும்.

இவ்வளவு உறுதியாக எழுதுகிற நானும் ஒருமுறை ஏமாந்தவன்தான். 2016 மகாமகத்தின்போது கும்பகோணத்தில் தெருவோரம் துணி விரித்துப் பழங்காசு விற்றுக்கொண்டிருந்த ஒருவரிடம், 20 பைசா அலுமினிய அறுகோண நாணயம் ஒன்றை 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு பக்கம் சிங்கம் வழக்கம்போல் புடைத்திருந்தது. மறுபக்கம் அதே சிங்கம் இடவல மாறிக் குழியாகப் பதிந்திருந்தது. புரோக்கேஜ் என்னும் பிழை அப்படித்தான் இருக்கும்: அடிக்கப்பட்ட நாணயம் ஒன்று கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்து வரும் வில்லையின் ஒரு முகத்தில் அச்சுக்குப் பதிலாக அந்த நாணயமே பதிந்துவிடுகிறது. இதை அறிந்திருந்ததனால்தான் ஏமாந்தேன். அறியாதவனாக இருந்தால் காசைக் கொடுத்திருக்கமாட்டேன்.

மறுவாரம் எங்கள் தெருவிலுள்ள நகை ஆசாரியிடம் எடை பார்க்கக் கொடுத்தேன். தராசு இரண்டு கிராம் இருநூறு மில்லி காட்டியது. அது சரியான எடை. ஆனால் அவர் அதோடு விடாமல், கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு, நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்து விளக்கொளியில் பார்த்துவிட்டு, "இது மிஷின்ல அடிச்சதில்ல தம்பி, வைஸ்ல வச்சு நெருக்கினது, உள்ளே பழைய எழுத்து தெரியுது பாருங்க" என்றார். வைஸ் என்னும் திருகுப் பிடியில் மற்றொரு நாணயத்தோடு சேர்த்து நெருக்கியிருக்கிறார்கள். குழிந்த சிங்கத்துக்கு அடியில் 20 என்ற எண்ணின் நசுங்கிய எச்சம் மங்கலாகத் தெரிந்தது. உண்மையான புரோக்கேஜில் அந்த முகத்தில் அச்சு பட்டிருக்கவே வாய்ப்பில்லை; ஆகவே அடியில் எண் இருக்கக் கூடாது. புடைத்த சிங்கத்தின் மேற்பரப்பும், வைஸின் தாடையில் அழுந்தி, மூக்கும் பிடரியும் தட்டையாகியிருந்தன. அலுமினியம் மென்மையானது என்பதால் இவ்வகைக் கைவேலைக்கு அதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த நாணயத்தை இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்க வருபவர்களுக்குக் காட்டுவதற்கு அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

விளிம்பு பிறைபோல் வெட்டுப்பட்ட நாணயங்களிலும் இதே எச்சரிக்கை தேவை. தகட்டில் ஏற்கெனவே வெட்டிய துளையின்மேல் மீண்டும் வெட்டுக் கருவி இறங்கினால் பிறை வடிவில் குறைந்த வில்லை கிடைக்கும். அவ்வில்லையின் விளிம்பை நெருக்கி உயர்த்தும்போது, குறைந்த இடத்தில் அழுத்தம் கிடைக்காததால் அதற்கு நேர் எதிரிலும் விளிம்பு சரியாக எழாது. எனவே வெட்டைப் பார்க்காதீர்கள், வெட்டுக்கு எதிர்ப்புறத்தைப் பாருங்கள். அங்கே விளிம்பு மங்கியிருந்தால் நம்பலாம். முழுமையாகக் கூர்மையாக இருந்தால் அரம் வேலை செய்திருக்கிறது என்று ஐயப்படலாம்.

நாணயத்தின் மேல் கோடு தெரிந்தால் நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சு விரிசல் விட்டிருந்தால் அந்த விரிசலுக்குள் உலோகம் ஏறி, நாணயத்தில் கோடு புடைத்திருக்கும். குழிந்திருப்பது வெறும் கீறல். எழுத்து மங்கியோ விடுபட்டோ இருப்பது பெரும்பாலும் அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்ததன் விளைவு. பிழைதான், ஆனால் மதிப்பு சொற்பம். ஆண்டுக்குக் கீழே குறி இல்லை என்பதும் பிழையன்று: மும்பைக்கு வைரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி, கொல்கத்தா நாணயத்துக்குக் குறியே கிடையாது.

நம் பகுதிக்கென்று இரண்டு குழப்பங்கள் உண்டு. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் போட்ட காசுகள் கோடையில் மணலோடு வெளிப்படும்போது கறுத்தும் செந்நிறம் ஏறியும் எழுத்து அரித்தும் இருக்கும். அவற்றைச் செம்பில் அடித்த அபூர்வ நாணயம் என்று சொல்லிக் கொண்டுவருபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மற்றொன்று, அதே காவிரி மணலில் அகப்படும் ராஜராஜன் காலத்துச் செப்புக்காசுகள். கையால் சம்மட்டி கொண்டு அடித்தவை அவை. உருவம் நடுவிலிருந்து விலகியிருப்பது அவற்றில் இயல்பு. அதை ஆஃப் சென்டர் பிழை என்று கூடுதல் விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

விலையைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லையென்றாலும் ஒரு வார்த்தை. பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களைப் பற்றி 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. அந்தப் பணம் வங்கிக் கட்டணம் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

இப்போது தங்கள் நாணயத்தை அதே வெளியீட்டின் சரியான நாணயம் ஒன்றின் பக்கத்தில் வைத்து, நான் சொன்னபடி திருப்பி, கலசம் எத்தனை மணியைக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எடை ஆறு கிராம் இருக்க வேண்டும். சுற்று விளிம்புக்கு உட்புறம் மயிரிழை போன்ற பொருத்துக் கோடு ஏதேனும் தெரிகிறதா என்றும் லென்ஸால் பாருங்கள். இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒன்றாகப் பொருத்தும் வித்தையும் நடக்கிறது. படம் எடுத்துப் போடும்போது, நாணயத்தை நான் சொன்னபடி பக்கவாட்டில் மட்டும் திருப்பி, இரு பக்கங்களையும் ஒரே கோணத்தில் எடுங்கள். அதுவரை, வீட்டில் யாராவது பித்தளைச் செம்போடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.