பழைய ஜீப்பைக் குறைந்த செலவில் எப்படித் தேற்றுவது? பெரிய டயர் போடலாமா?

டயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்.

பாலக்கோட்டில் என்னிடம் ஒரு 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது. வாங்கிய மூன்றாவது வாரம் சேலத்துக்குப் போகும்போது, தொப்பூர் இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டாவது கியருக்கு இறக்கி, பெடலை நாலைந்து தடவை அடித்து, ஒருவழியாக ஓரங்கட்டினேன். பட்டறையில் சக்கரத்துப் பிரேக்கில் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் ஆயில் வருகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140-லேயே கொதிக்கலாம். அப்புறம் நாம் மிதிப்பது ஆயிலை அல்ல, ஆவியைத்தான்; ஆவி அமுங்கிவிடும், பிரேக் பிடிக்காது. இப்போது அதைவிடச் சூடு தாங்கும் டாட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன்.

அடுத்து ஸ்டியரிங். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரம் திரும்புகிற அச்சாணி. இது தெரியாமல் போனால் மெக்கானிக் இரண்டுக்கும் பில் போடுவார்.

சரி, டயர். பழைய 6.00-16 அளவு டயரும், அகலமான 235/75 ஆர்15 டயரும் உயரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான், 29 அங்குலம். ரிம் மாற்ற வேண்டும், ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். 31 அங்குலம் போட்டால் பார்க்க ஜோராக இருக்கும். வத்தல்மலை ஏறும்போது கிளட்ச் தீயும் வாசனையும் வரும். பிரேக்குக்கும் அதிக வேலை.

நாலு வீல் டிரைவை மாதம் ஒருமுறையாவது ஏரி மண்ணில் போட்டு ஓட்டுங்கள். தார் ரோட்டில் வேண்டாம். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் நடுவில் கிடையாது, வளைவில் முறுக்கிக்கொள்ளும்.

மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தங்கி, காலையில் வண்டி கிளம்பாவிட்டால் உடனே பேட்டரியைத் திட்டாதீர்கள். இந்த ஜீப்பின் பியூஜோ டீசல் இன்ஜினில், குளிரில் கிளம்புவதற்காக உள்ளே சூடேற்றும் நாலு ஹீட்டர் பிளக் உண்டு. நாலையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் பல்பை ஒவ்வொன்றிலும் வைத்துப் பாருங்கள். பல்பு எரியாவிட்டால் அந்தப் பிளக் போய்விட்டது. எனக்கு நாலில் மூன்று போயிருந்தது. பாவம், முந்தின ஓனர் அது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டு என்னிடம் விற்றிருக்கிறார்.