டீச்சரிடம் கேளுங்கள்: ரெடிமேட் பாடத்திட்டம் வாங்கலாமா?

கேள்வி: எட்டு வயது மகளை இந்த ஜூன் முதல் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்று பார்த்தேன். 36 வாரத்துக்கும் தினசரி என்ன சொல்லித் தருவது என்று எழுதியே கொடுக்கிறார்கள். கைக்குழந்தை இருப்பதால் எனக்கு அது வசதி. விலைதான் இடிக்கிறது. வாங்கலாமா டீச்சர்?
- ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: கைக்குழந்தையைத் தூங்கப் போட்டுவிட்டு ராத்திரி உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் தயார் செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எழுதி வைத்த பாடக்குறிப்பு உங்களுக்குத் தேவைதான். நானும் சர்வீஸ் முழுக்க 'நோட்ஸ் ஆஃப் லெசன்' எழுதி ஹெச்.எம்.மிடம் கையெழுத்து வாங்கியவள்தான். (வகுப்புக்குள் போனதும் அதை மூடி வைத்துவிடுவோம், அது வேறு கதை.)

ஆனால் எல்லாப் பாடத்தையும் ஒரே செட்டாக வாங்க வேண்டாம். அந்த ஊர்க் கணக்குப் புத்தகத்தில் காசு என்றால் குவார்ட்டர், டைம், நிக்கல். எடை பவுண்டில் வரும். மகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய் அரை கிலோ கத்தரிக்காய்க்குக் காசு கொடுத்து மீதியை எண்ணி வாங்கச் சொன்னால் முடிகிற பாடம் அது. அக்டோபரில் இலை நிறம் மாறுவதைப் பாருங்கள் என்று அறிவியல் பாடம் சொல்லும். நமக்கு அப்போது கெடிலத்தில் தண்ணீர் வருகிற மாதம். தமிழோ அதில் அறவே கிடையாது.

வாங்கும் முன் மாதிரிப் பக்கங்களைக் கேளுங்கள், பல பதிப்பகங்கள் இலவசமாகவே தருகின்றன. பிள்ளைக்கான கலர் பக்கத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஆசிரியர் கையேட்டில் கழித்தல் பாடத்தைத் திறங்கள். 52-இல் 27 போனால் 35 என்று எழுதாத பிள்ளை உண்டா? மேலே இருக்கிற 2-இலிருந்து 7 போகாது என்றதும், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிடும். நல்ல கையேடு இந்தத் தப்பை முன்கூட்டியே சொல்லி, பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டைப் பிரித்து, நாலு கட்டும் பன்னிரண்டு குச்சியுமாக வைத்துக் காட்டச் சொல்லும். விளக்குமாற்றுக் குச்சியே போதும். 'பக்கம் 43, கணக்கு 1 முதல் 10 வரை' என்று மட்டும் இருந்தால் அது வெறும் டைம்டேபிள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், இங்கிலீஷுக்கு மட்டும் வேண்டுமானால் வாங்குங்கள். தமிழ், கணக்கு, சூழ்நிலையியலுக்கு நம் அரசுப் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் பி.டி.எஃப்.பாக இலவசம். 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆசிரியர் கையேடே இருக்கிறது. தெரிந்த அரசுப் பள்ளி டீச்சரிடம் கேட்டுப் பாருங்கள்.

36 வாரக் கணக்கைக் கண்டு பயப்படாதீர்கள். புயல் மழை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று பாதி வாரம் போனால் போகட்டும். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், 'லேட்' என்று நோட்டில் எழுதாதீர்கள்.

சர்டிஃபிகேட் கவலையை உங்கள் வீட்டுக்காரர் கிளப்புவார். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 3, 5, 8-ஆம் வகுப்புக்கு இணையான நிலைகள் உண்டு. 14 வயது முடிந்தால் பத்தாவது எழுதலாம். வீட்டுப் படிப்பு ஒத்துவரவில்லையா? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 14 வயது வரை வயதுக்கேற்ற வகுப்பில் திரும்பச் சேர்க்கலாம். இருந்தாலும் டி.சி.யை இப்போதே வாங்கி பர்த் சர்டிஃபிகேட்டோடு வைத்துவிடுங்கள்.