தீ விபத்தா, தீவைப்பா? கேளுங்கள், சொல்கிறேன்

வணக்கம். எரிந்து மிஞ்சியதை டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், அதில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ இருந்ததா என்று பார்த்துச் சொல்லும் ஆய்வக வேலையில் பல வருடம் இருந்தவள் நான். தீ எப்படி எரிகிறது, தீவைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையக் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புப் பையனின் அம்மா: அக்கா, மெழுகுவத்தியில எரியறது திரியா, மெழுகா? பையன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியல.

எரிவது மெழுகின் ஆவி. நீங்கள் பக்கத்தில் இருந்து அவனுக்குச் செய்து காட்டுங்கள். நன்றாக எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவத்தியை ஊதி அணைத்தால், திரியிலிருந்து வெள்ளையாக ஓர் இழைப் புகை எழும்பும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், ஓர் அங்குலம் மேலே, அந்த இழையில் காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பிடித்துக்கொள்ளும். ஆவியாகிப் போய்க் குளிர்ந்த மெழுகுதான் அந்த வெள்ளைப் புகை. விறகும் இப்படித்தான், சூட்டில் மரம் சிதைந்து வாயுக்களை விடுகிறது, சுடராக நாம் பார்ப்பது அந்த வாயு எரிவதை, கடைசியில் சுடரே இல்லாமல் கனிந்துகொண்டிருப்பது மிஞ்சிய கரி. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரிக் குளிரிலேயே பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும், மண்ணெண்ணெய்க்கு அதே அளவு ஆவி விட ஏறக்குறைய 40 டிகிரி சூடு வேண்டும். பெட்ரோலை ஊற்றித் தீ வைக்கப் போகிறவர்கள் பல நேரம் தாங்களே வெந்துபோவது இதனால்தான், குச்சியை உரசும்போது ஆவி அவர்கள் நிற்கும் இடம்வரை வந்திருக்கும்.

சேலத்திலிருந்து ஒரு வழக்கறிஞர்: மேடம், தரையில் குட்டை தேங்கிய மாதிரி அங்கங்கே கருகியிருக்கிறது, ஆகவே பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்று ஒரு அறிக்கை. தடத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியுமா?

முடியாது. இதற்கு மட்டும் நீளமாகவே பதில் சொல்கிறேன், இந்தத் தப்பில் ஓர் உயிர் போயிருக்கிறது.

ஓர் அறையில் சோபா எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான புகை மேலே போய்க் கூரைக்கடியில் தேங்கும், தேங்கத் தேங்கக் கீழே இறங்கும். அந்தப் புகைப்படலம் 600 டிகிரி வாக்கில் சூடேறியதும் அதன் அனல் மேலேயிருந்து தரையைச் சுடும். தீ இன்னும் தொடாத பாய், மேசை, கீழே கிடக்கும் செய்தித்தாள் எல்லாம் ஒரே நேரத்தில் புகையத் தொடங்கி, சில நொடிகளில் அறை மொத்தமும் குப்பென்று பற்றிக்கொள்ளும். இதைத்தான் ஃபிளாஷ்ஓவர் என்கிறோம். அதுவரை அறைக்குள் ஒரு பொருள் எரிந்தது, அதற்கப்புறம் அறையே எரிகிறது. அப்போது எரிய வேண்டியதற்குப் பஞ்சமில்லை, காற்றுக்குத்தான் பஞ்சம், அதனால் வாசல், ஜன்னல் என்று காற்று நுழையும் இடத்தில் தீ மும்முரமாக எரியும், அங்கே தரை ஆழமாகக் கருகும். ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமலேயே நீங்கள் சொல்லும் குட்டைத் தடம் வந்துவிடும்.

1990 அக்டோபரில் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில்லில் ஒரு வீடு எரிந்து 6 பேர் இறந்தார்கள். தப்பித்து வெளியே வந்த வீட்டுக்காரர் மேல் சந்தேகம். பக்கத்திலேயே அதே அமைப்பில் ஒரு வீடு இருந்தது, அதில் அதே மாதிரிக் கார்ப்பெட்டும் சாமான்களும் போட்டு, பெட்ரோல் எதுவும் இல்லாமல் சோபாவை மட்டும் பற்றவைத்துப் பார்த்தார்கள். அரசுத் தரப்புக்காக அதைச் செய்தவர்கள் ஜான் டிஹான், ஜான் லென்டினி என்ற இரண்டு பெரிய நிபுணர்கள். நிறைய நேரம் ஆகும் என்றுதான் எதிர்பார்த்தார்கள், நாலரை நிமிடத்தில் ஃபிளாஷ்ஓவர் வந்துவிட்டது, பெட்ரோல் ஊற்றியதற்கு அடையாளம் என்று நம்பியிருந்த தடங்கள் எல்லாம் அங்கேயும் விழுந்திருந்தன. வழக்கைக் கைவிட்டார்கள்.

டெக்சாஸில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1991 டிசம்பர் 23 அன்று கார்சிகானா என்ற ஊரில் வீடு எரிந்து மூன்று சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் இறந்துபோனார்கள், அப்பா கேமரன் டாட் வில்லிங்ஹாம் தப்பித்தார். குட்டைத் தடம், நுணுக்கமாக வெடித்த கண்ணாடி, வாசற்படி அலுமினியத் தகட்டுக்கு அடியில் கருகல் என்று அடுக்கித் தீவைப்பு என்றார்கள், அப்பாவுக்கு மரண தண்டனை விதித்தார்கள். எடுத்த மாதிரிகளில் எரிதிரவம் உறுதியானது முன்வாசல் பக்கத்தில் மட்டும்தான், அங்கே திண்ணையில் இறைச்சி சுடும் அடுப்பு இருந்தது, அதற்கு ஊற்றும் திரவம் அது. தண்டனை நிறைவேறுவதற்குச் சில நாள் முன்னால் ஜெரால்ட் ஹர்ஸ்ட் என்ற வேதியியலாளர் ஆதாரங்களைப் பார்த்துவிட்டு இதில் ஒன்றும் நிற்காது என்று எழுதிக் கொடுத்தார். ஆனாலும் 2004 பிப்ரவரி 17 அன்று தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். 2009இல் மாநிலத் தடயவியல் ஆணையத்துக்காக கிரெய்க் பெய்லர் எழுதிய அறிக்கையும் தீவைப்பு என்ற முடிவுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றே சொன்னது. இத்தனை வருடம் கழித்தும் இதை எழுதும்போது மனசு ஆறவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2005இல் லாஸ் வேகாஸ் பயிற்சி ஒன்றில் அறைக்குத் தீ வைத்து, ஃபிளாஷ்ஓவருக்குப் பிறகு 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, எந்தக் கால் பகுதியில் தீ தொடங்கியது என்று 53 புலனாய்வாளர்களிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 3 பேர். கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டினாலே 13 பேருக்குச் சரியாக வந்திருக்கும்!

உங்கள் வழக்கில் ஃபிளாஷ்ஓவர் நடந்ததா, எந்தக் கதவு திறந்திருந்தது, கருகிய இடத்தில் எடுத்த மாதிரியில் ஆய்வகம் என்ன கண்டது என்று கேளுங்கள். தீ விசாரணை முறைக்கு உலகம் முழுக்க எடுத்துக்காட்டும் என்.எஃப்.பி.ஏ. 921 என்ற வழிகாட்டி 1992இல் வந்தது, என்.எஃப்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் தீப் பாதுகாப்புச் சங்கம். வேறு காரணம் அகப்படவில்லை, ஆகவே யாரோ வைத்தார்கள் என்று முடிவு கட்டுவது அறிவியல் முறை ஆகாது என்று அதன் 2011 பதிப்பு தெளிவாகவே சொல்லிவிட்டது.

காப்பீட்டு சர்வேயர் ஒருவர்: அலுமினிய ஜன்னல் உருகியிருந்தால் பெட்ரோல்தானே, மேடம்? வெறும் மரத்தீக்கு அவ்வளவு சூடு வருமா?

வரும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், சாதாரண வீட்டுத் தீ அதைச் சுலபமாகத் தாண்டும். மரச்சுடரும் பெட்ரோல் சுடரும் சூட்டில் கிட்டத்தட்ட ஒன்றுதான், பெட்ரோல் வேகமாகப் பரவும், அவ்வளவுதான் வித்தியாசம்.

கண்ணாடி பற்றியும் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சிலந்திவலை மாதிரி நுணுக்க விரிசல் இருந்தால் தீ சட்டென்று சூடேறியதற்கு அடையாளம் என்று பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. 1991இல் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து மலைப்பகுதி வீடுகள் காட்டுத்தீயில் எரிந்தபோது 50 வீடுகளைப் போய்ப் பார்த்ததில் 12இல் அந்த விரிசல் இருந்தது. அங்கே யாரும் வீட்டுக்கு வீடு பெட்ரோல் ஊற்றவில்லை. சூட்டில் இருக்கும் கண்ணாடி மேல் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பட்டுச் சட்டென்று குளிர்ந்தால் அப்படி வெடிக்கும்.

தடயவியல் படிக்கும் மாணவி: அக்கா, டப்பா ஆய்வகத்துக்கு வந்த பிறகு என்ன செய்வீங்க?

முதலில் டப்பாவையே பார்ப்பேன். சாதாரணப் பாலித்தீன் பையில் போட்டு வந்தால் எனக்கு வயிறு எரியும், பெட்ரோல் ஆவி அந்தப் பையைத் தாண்டிக் கசிந்துவிடும், பக்கத்துப் பையிலிருந்து உள்ளேயும் வரும். பெயின்ட் டப்பா மாதிரி இறுக்கி மூடும் தகர டப்பாதான் நல்லது. அதற்குள் கரி பதித்த ஒரு சின்னப் பட்டையைத் தொங்கவிட்டு, மூடி, 60 டிகிரி சூட்டில் ராத்திரி முழுக்க வைப்போம். வெளிவரும் ஆவியைக் கரி பிடித்துக்கொள்ளும். காலையில் பட்டையைக் கரைப்பானில் அலசி, ஒரு துளியை, கலவையில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரித்து இன்னது என்று காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் செலுத்தினால் கணினித் திரையில் கூர் கூராக முகடுகள் வரும். மண்ணெண்ணெய் சீரான இடைவெளியில் படிப்படியாக ஏறி இறங்கும், பார்க்கக் கோபுரம் மாதிரி இருக்கும். பெட்ரோலில் ஐந்து முகடுகள் ஒரு கொத்தாக நிற்கும், அவற்றின் உயர விகிதம் பழகிய முகம்போலக் கண்ணில் நின்றுவிடும்.

சிக்கல் என்னவென்றால் கார்ப்பெட்டும் ஃபோமும் எரியும்போது டொலுயீன், ஸ்டைரீன் என்று பெட்ரோலிய வாடை உள்ளவற்றை அவையே உண்டாக்கும். ஒரு முகட்டைப் பார்த்து முடிவு சொல்லக் கூடாது, மொத்த வடிவமும் பொருந்த வேண்டும், அதே கார்ப்பெட்டில் சந்தேகம் இல்லாத மூலையிலிருந்து இன்னொரு துண்டும் ஒப்பிட வேண்டும். மோப்ப நாய் காட்டிய இடம், மாதிரி எடுக்க வேண்டிய இடம், அதற்குமேல் அது சாட்சி இல்லை. அப்புறம் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருந்த சமையலறையில் மண்ணெண்ணெய் கிடைத்தால் அதில் என்ன ஆச்சரியம்?

மதுரை வாசகர்: எல்லாத் தீ விபத்துச் செய்தியிலும் 'மின்கசிவு' என்றே வருகிறதே, உண்மையா?

சில நேரம் உண்மை, பல நேரம் சோதிக்காமல் எழுதுவது. எரிந்த வீட்டில் செம்புக் கம்பி நுனியில் பளபளவென்று ஒரு மணி உருண்டிருக்கும், உடனே ஷார்ட் சர்க்யூட் என்பார்கள். வேறு தீயில் கம்பியின் உறை உருகினாலும் இரண்டு கம்பி தொட்டுப் பொறி பறந்து அதே மணி உருளும். அந்த நேரத்தில் கம்பியில் மின்சாரம் ஓடியது என்று மட்டும்தான் அது சொல்கிறது. நான் அதிகம் பயப்படுவது தளர்ந்த இணைப்புக்கு. பிளக் பாயிண்ட் பழுப்பேறி, தொட்டால் சுட்டால், இன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

தச்சு வேலை செய்யும் தம்பி: எண்ணெய்த் துணி தானாப் பத்திக்கும்னு சொல்றாங்க, நிஜமா அக்கா?

நிஜம், தம்பி. ஆளிவிதை எண்ணெய், அதாவது லின்சீட் ஆயில், காய்வது என்பது காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்வது, அப்போது சூடு பிறக்கும். துணியை விரித்துப் போட்டால் சூடு போய்விடும், சுருட்டி மூலையில் எறிந்தால் உள்ளேயே சேர்ந்து சில மணி நேரத்தில் கனல் பிடிக்கும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தில் 22ஆம் மாடியில் தீ பிடித்ததற்குக் காரணம் இப்படி விட்டுவைத்த துணிகள்தான். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 30ஆம் மாடியில் இருந்த, தீச்சூட்டில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்கள்தான் கடைசியில் தீயை நிறுத்தின. தேங்காய் எண்ணெய் இந்த அளவுக்கு ஆபத்தில்லை, அது ஆக்சிஜனோடு அவ்வளவாகச் சேராது. நீ துணியைத் தண்ணீர் விட்ட தகர டப்பாவில் போட்டு மூடிவை.

பெயர் சொல்லாத ஒருவர்: எங்கள் கடை போன வாரம் எரிந்துவிட்டது. யாரோ வைத்ததாகச் சந்தேகம். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் நஷ்டத்துக்கு ரொம்ப வருந்துகிறேன். விசாரிக்க வருகிறவர் பார்த்து முடிக்கும்வரை தயவுசெய்து கூட்டிப் பெருக்காதீர்கள். கட்டடத்துக்குள் போவது பாதுகாப்பு என்று தீயணைப்புத் துறை சொன்ன பிறகு, நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுங்கள், கூரையையும் எடுங்கள். எந்த ஷட்டர் திறந்திருந்தது, புகையை முதலில் யார் பார்த்தார், மணி என்ன என்பதை மறப்பதற்கு முன் எழுதி வையுங்கள். சி.சி.டி.வி. பெட்டி கருகியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து சில நேரம் படத்தை மீட்க முடியும். சந்தேகப்படுகிறவர் பெயரை ஊரெல்லாம் சொல்ல வேண்டாம், போலீசிடம் மட்டும் சொல்லுங்கள். ஆய்வக அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.