6ஜி-க்குத் தேசியக் கொள்கை வகுப்பது வெறும் காகித வேலைதானா?

உங்கள் கேள்வியின் விளக்கத்தில், "5ஜி-யைத் திட்டமே இல்லாமல் தாமதமாகக் கொண்டுவந்த நாடு, 6ஜி-க்கு 2030 என்று நாள் குறிப்பது வேடிக்கை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பொறியியல் மாணவர் என்றும், கைப்பேசியின் மூலையில் 5ஜி என்று தெரிந்தும் வேகம் வராத ஊர் ஒன்றில் இருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். உங்கள் எரிச்சல் நியாயமானதே. ஆனால் "திட்டமே இல்லாமல்" என்ற சொற்களை என்னால் கடந்துபோக முடியவில்லை. திட்டம் இருந்தது, நன்றாகவே எழுதப்பட்டிருந்தது. அது எந்த மேசையில் போய்த் தூங்கியது என்பதை அந்த மேசைக்கு எதிரே நின்று பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நிறுவனங்களின் ஆள் என்றும் அரசின் ஆள் என்றும் என்னை ஒரே நாளில் இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள் என்பதால், இதைச் சொல்லிவிடுகிறேன். பொதுத்துறையில் 22 ஆண்டுகள், பிறகு செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, 2021-இல் ஓய்வு பெற்றேன். இன்று எந்த நிறுவனத்திலும் எனக்குப் பங்கும் இல்லை, பகையும் இல்லை.

இந்தியாவில் 5ஜி-க்கான உயர்மட்ட அமைப்பு 2017 செப்டம்பரில் ஏற்படுத்தப்பட்டது. அதன் வழிகாட்டுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையில் பணியாற்றி, நீருக்கடியில் இருப்பதை ஒலியால் கண்டறியும் சோனார் கருவி ஒன்றை அதற்காக உருவாக்கி, பின்னர் ஸ்டான்ஃபோர்டு சென்று, பல ஆன்டெனாக்களைக் கொண்டு ஒரே அலைவரிசையில் பல தரவோடைகளை அனுப்பும் மைமோ முறைக்குக் காப்புரிமை பெற்றவர் அவர். இன்று உங்கள் கைப்பேசியும் வீட்டு வைஃபையும் அந்த முறையில்தான் இயங்குகின்றன. இப்படிப்பட்ட ஒருவரைத் தலைமையில் அமர்த்திய முயற்சியைத் திட்டமில்லாதது என்று சொல்வது சரியாகாது. குழு 2018 ஆகஸ்டில் அறிக்கை தந்தது. அலைக்கற்றை, ஒழுங்குமுறை, தரநிர்ணயம், கல்வி, சோதனைகள் என்று தொட வேண்டிய எல்லாவற்றையும் அது தொட்டிருந்தது. அந்த அமைப்பின் பெயரிலேயே 2020 என்ற ஆண்டு இருந்தது. சேவையோ 2022 அக்டோபர் 1-ஆம் தேதிதான் தொடங்கியது. தென்கொரியா 2019 ஏப்ரலிலேயே தொடங்கிவிட்டிருந்தது.

இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பெரும்பகுதியைத் தின்றது விலை. 2018 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்த அடிப்படை விலை, 3.3 முதல் 3.6 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 492 கோடி ரூபாய். 5ஜி-யை ஒழுங்காக நடத்த ஒரு நிறுவனத்துக்கு ஏறத்தாழ 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டும் என்றால், கருவி ஒன்றைக்கூட வாங்குவதற்கு முன் 49,200 கோடி ரூபாய். அதே பட்டையில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று பாதுகாப்புத் துறையும் விண்வெளித் துறையும் கேட்டன. 2019 அக்டோபரில், அரசுக்கான கட்டணத்துக்கு நிறுவனங்களின் மொத்த வருவாயை எப்படிக் கணக்கிடுவது என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பழைய பாக்கிகள் மலைபோல் எழுந்தன. கடனில் மூழ்கிக்கொண்டிருப்பவரிடம் புதிய வீட்டின் விலையைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? 2021 செப்டம்பரில் பாக்கிகளுக்கு நான்கு ஆண்டு அவகாசமும், இனி ஏலத்தில் எடுக்கும் அலைக்கற்றைக்கு 20-க்குப் பதிலாக 30 ஆண்டு உரிமையும், பயன்பாட்டுக் கட்டண விலக்கும் அறிவிக்கப்பட்ட பிறகுதான் ஏலத்துக்கு உயிர் வந்தது. 2022-இல் டிராய் அந்த 492 கோடியை 317 கோடியாகக் குறைத்தது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 1 வரை ஏழு நாள் நடந்த ஏலத்தில் 1,50,173 கோடி ரூபாய்க்கு அலைக்கற்றை விற்றது.

700 மெகாஹெர்ட்ஸின் கதை இன்னும் வருத்தம் தருவது. சுவர்களைத் தாண்டி வீட்டுக்குள் வரும், கிராமங்களில் வெகுதூரம் பரவும் பட்டை அது. 2016-இல் ஒரு மெகாஹெர்ட்ஸ் 11,485 கோடி என்றார்கள். வாங்க ஆள் இல்லை. 2021-இல் 6,568 கோடிக்கு இறக்கினார்கள்; அப்போதும் ஆள் இல்லை. 2022-இல் 3,927 கோடி என்றதும் ஜியோ மட்டும் 10 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. விலை ஏறட்டும் என்று நெல்லைப் பத்தாயத்தில் போட்டுக் காத்திருப்பவருக்கு நெல்லாவது மிஞ்சும். ஆறு ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த அலைக்கற்றை மடை திறந்து கடலுக்குப் போன நீர். அரசு ஏன் விலையை இறக்கத் தயங்கியது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. 2012-இல் உச்ச நீதிமன்றம் 2ஜி வழக்கில் 122 உரிமங்களை ரத்து செய்த பிறகு, "குறைந்த விலை" என்று கோப்பில் எழுத எந்த அதிகாரிக்குக் கை வரும்? அதிலும் நம் ஊரில் "அலைக்கற்றை" என்ற நல்ல தமிழ்ச் சொல்லே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்ட உறவினர் ஒருவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் "உங்களுக்கு எவ்வளவு வந்தது?" என்று சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

ஆனால் விலை, ஏலம் ஆகியவற்றைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது 1.8 கிலோமீட்டர் பள்ளத்தைப் பற்றி.

2018-இல், 5ஜி வரப்போகிறது, முக்கியமான கோபுரங்களுக்கெல்லாம் இப்போதே ஃபைபர் எனும் கண்ணாடி இழைக் கேபிளை இழுத்துவிடுங்கள் என்று எங்கள் தலைமை அலுவலகம் உத்தரவிட்டது. தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் இருந்த கோபுரம் என் பொறுப்பில் வந்தது. அருகிலிருந்த ஃபைபர் இணைப்பு முனையிலிருந்து அங்கே போக 1.8 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி நகராட்சிச் சாலை. 600 மீட்டர் மாநில நெடுஞ்சாலை. நடுவே ஒரு பாசன வாய்க்காலின் சிறு பாலம். ஆக மூன்று துறைகள், மூன்று விண்ணப்பங்கள், மூன்று கட்டணங்கள்.

கேபிள் பதிக்கவும் கோபுரம் நிறுத்தவும் இடம் தருவது பற்றி மத்திய அரசு 2016 நவம்பரில் வெளியிட்ட வழியுரிமை விதிகளின்படி, நிலத்தடிக் கேபிளுக்கான நிர்வாகக் கட்டணம் கிலோமீட்டருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. 60 நாட்களுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். அந்த அரசிதழை நகலெடுத்து, உரிய வரிகளுக்கு மஞ்சள் பூசி, நகராட்சி அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாகப் படித்தார். "இது டெல்லியில போட்ட விதி சார். எங்களுக்கு ஜி.ஓ. வரட்டும்" என்று சொல்லி, நகலை மடித்து என்னிடமே தந்தார்.

அவரைக் கெட்டவராக நினைத்துவிடாதீர்கள். அவர் என்னிடம் ஒரு ரூபாய் கேட்டதில்லை. முந்தைய ஆண்டு வேறொரு ஒப்பந்தக்காரர் மழைக்காலத்தில் பள்ளம் தோண்டி, மூடாமல் போய்விட்டார். இருசக்கர வாகனத்தில் வந்த ஒருவர் அதில் விழுந்து கால் முறிந்தார். வசவும் விசாரணையும் நகராட்சியின் தலையில் விழுந்தன. சாலை போட்டு ஓராண்டுகூட ஆகாத இடத்தை வெட்ட விட்டால் தணிக்கையில் கேள்வி வரும் என்றும் அவர் அஞ்சினார். நாடு முழுவதற்கும் நன்மை தரும் திட்டத்தில் அவருக்குக் கிடைப்பது தணிக்கைக் குறிப்பும், உடைந்த தார்ச்சாலையும்தான். மத்திய அரசுக்கு அலைக்கற்றைப் பணம், நிறுவனத்துக்குச் சந்தாதாரர், நகராட்சிக்குப் பள்ளம். எங்கள் துறையில் நாங்கள் யாருமே இதை அவருடைய இடத்தில் நின்று யோசித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

60 நாட்கள் கடந்தன. விதிப்படி அனுமதி கிடைத்ததாகக் கருதி வேலையைத் தொடங்கலாமா என்று என் மேலாளரிடம் கேட்டேன். "கருதிக்கொண்டு போனால், ஜேசிபி-யைக் காவல் நிலையத்தில் நிறுத்தும்போது அவர்களும் அப்படியே கருதுவார்களா?" என்றார். மூன்றாவது துறையின் கையெழுத்து கிடைக்க 13 மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த ஆண்டுக்கான பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. கோபுரத்தில், கம்பியில்லாமல் கோபுரத்துக்குக் கோபுரம் தரவை அனுப்பும் பழைய மைக்ரோவேவ் தட்டே தொடர்ந்து நின்றது.

இது உங்கள் கைப்பேசியின் வேகத்தோடு எப்படித் தொடர்புடையது என்றால், 100 மெகாஹெர்ட்ஸ் கொண்ட 5ஜி ஆன்டெனா ஒவ்வொன்றும் நல்ல நிலையில் நொடிக்கு ஒரு ஜிகாபிட்டுக்கு (1,000 மெகாபிட்) மேல் தரக்கூடியது. ஒரு கோபுரத்தில் மூன்று திசைகளுக்கு அப்படி மூன்று இருக்கும். அந்தக் கோபுரத்துக்கு வரும் மைக்ரோவேவ் இணைப்போ சில நூறு மெகாபிட் மட்டுமே தாங்கும். தெருவை எண்பதடிச் சாலையாக்கிவிட்டு, ஊருக்குள் வரும் பாலத்தை மாட்டுவண்டிப் பாலமாகவே விட்டதைப் போன்றது இது. அப்போது கோபுரங்களில் ஏறத்தாழ 30 விழுக்காடுதான் ஃபைபரில் இணைந்திருந்தன; அதை 70 விழுக்காடாக்க வேண்டும் என்பது 2019 டிசம்பரில் தொடங்கிய தேசிய அகண்ட அலைவரிசை இயக்கத்தின் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. டெல்லிக்கு நோய் தெரியாமல் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அறிவிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. நம் கிராமங்களில் கோபுரங்கள் தொலைவில் இருக்கின்றன, மக்கள் வேகமாகப் பயணிப்பதில்லை, ஆகவே 6 கிலோமீட்டர் இடைவெளியிலும் இயங்கும் முறை வேண்டும் என்று உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் வாதாடி, அதை 5ஜி-க்கான தேவைகளில் ஒன்றாகச் சேர்க்க வைத்தது இந்தியாதான். அதற்காக உருவான 5ஜிஐ தரம் 2020-இல் ஏற்கப்பட்டு, மறு ஆண்டு இறுதியில் உலகப் பொதுத் தரத்தோடு இணைக்கப்பட்டது. அதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. தனித் தரமாகவே இருந்திருந்தால் அதற்கென்று மலிவான கைப்பேசி செய்ய எவரும் முன்வந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த 224 கோடி ரூபாய் சோதனைத் தளம் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. நல்ல தளம்தான், ஆனால் அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2018-இல்.

இனி 6ஜி. அலைக்கற்றையைப் பொறுத்தவரை இப்போதே கொள்கை வகுக்காவிட்டால்தான் தவறு. எந்த அலைக்கற்றை எதற்கு என்று நாடுகள் கூடி முடிவுசெய்யும் உலக வானலைத் தொடர்பு மாநாடு 2027-இல் ஷாங்காயில் கூடவிருக்கிறது. அதில் 7.125 முதல் 8.4 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியும் விவாதத்துக்கு வருகிறது. 7 ஜிகாஹெர்ட்ஸில் நானே இளம் வயதில் கோபுரம் கோபுரமாக ஏறித் தட்டுகளைத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். அப்படி அந்த அலைக்கற்றையில் ஏற்கெனவே குடியிருக்கும் பயனர்களை எங்கே மாற்றுவது, எத்தனை ஆண்டில், யார் செலவில் என்பதை ஏல அறிவிப்புக்கு முன்பே தீர்த்தாக வேண்டும். தேசியத் திட்டமிடல் என்பதன் பாதி இந்தக் குடிமாற்றம்தான்; மறுபாதி பள்ளம். 2023-இன் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் புதிய வழியுரிமை விதிகள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அந்த நகராட்சிப் பொறியாளரின் அச்சத்துக்கு அவற்றில் மருந்து இருக்கிறதா என்பதுதான் எனக்குள்ள ஒரே கேள்வி.

பாரத் 6ஜி தொலைநோக்கு ஆவணம் 2023 மார்ச் 22 அன்று பிரதமரால் வெளியிடப்பட்டது. அதே நிகழ்ச்சியில் இன்னொன்றும் தொடங்கி வைக்கப்பட்டது: நிலத்தைத் தோண்டுவதற்கு முன், கீழே யாருடைய கேபிள் ஓடுகிறது என்று கேட்டறிய உதவும் செயலி. நாளிதழ்களில் முதல் செய்திக்கே இடம் கிடைத்தது. நான் கைதட்டியது இரண்டாவதற்கு. என் பழைய கோபுரத்துக்கு ஒருவழியாக ஃபைபர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று முன்னாள் சக ஊழியர் தொலைபேசியில் சொன்னார். சேர்ந்த இரண்டாம் மாதமே குடிநீர்க் குழாய் போட வந்த ஜேசிபி அதை அறுத்துவிட்டதாம். மைக்ரோவேவ் தட்டை இன்னும் இறக்கவில்லையே என்று கேட்டேன். இல்லை, நீங்கள் கட்டிய கம்பியோடு அப்படியேதான் இருக்கிறது, சார், என்றார்.